வரிசையில் முதலில் நின்ற சத்தம்

இச்சிப்பாளையத்தில் பிறக்கும் குழந்தை அம்மா என்று சொல்வதற்கு முன்னாலேயே தறிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லிப் பழகிவிடும் என்று சுற்றுவட்டாரத்தில் கேலி பேசுவார்கள், அந்தக் கேலியில் பாதிக்கு மேல் உண்மை. வீட்டுக்கு வீடு விசைத்தறி ஓடுகிற ஊர், காலைச் சங்கு ஊதியதும் ஆரம்பிக்கிற கடகடப்பு ராத்திரிச் சங்குக்குத்தான் ஓயும், அந்தக் கடகடப்புக்குள்ளேயே சமைத்து, சண்டை போட்டு, சம்பந்தம் பேசி, பிள்ளை பெற்று வளர்த்தவர்கள் அவர்கள். மாமியார் கூப்பிட்டால் மருமகள் தறிச் சத்தத்தில் கேட்கவில்லை என்பாள், வாக்குக் கொடுத்தவன் மறுநாள் தறிச் சத்தத்தில் நீங்கள் கேட்டதே எனக்குக் கேட்கவில்லை என்பான், யாரும் யாரையும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், ஏனென்றால் நாளைக்கு அதே வார்த்தை தமக்கும் வேண்டியிருக்கும். ஒரு பொய்யை ஊரே பொதுவில் வைத்துக்கொண்டு ஆளுக்கு ஆள் எடுத்துப் புழங்கிய இந்தப் பழக்கத்தில்தான் லோகநாதன் செத்துப்போனான்.

லோகு என்றுதான் அவனைக் கூப்பிடுவார்கள், குழந்தைவேலு முதலாளியின் தறிக்கூடத்தில் வேலை பார்த்தவன். தார்க்குச்சியில் நூல் சுற்றுகிற பெண் ஒருத்தியை அடிக்க முதலாளி கை ஓங்கியபோது லோகு குறுக்கே போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான், பிடித்துவிட்டு உடனே விட்டும்விட்டான், ஆனால் பத்துப் பேர் பார்த்துவிட்டார்கள். முதலாளி அப்போது கையை உதறிக்கொண்டு போய்விட்டார். அந்த வாரமே மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்துகிற நாளில், தறியெல்லாம் சும்மா நிற்கிறது, கழிவுப் பஞ்சு மூட்டையைப் பிரித்து அடுக்கு என்று லோகுவைக் குடோனுக்குள் அனுப்பிவிட்டு, வெளியே ஷட்டரை இழுத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஈரோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். சித்திரை வெயில், மேலே ஆஸ்பெஸ்டாஸ், உள்ளே கூரை வரைக்கும் பஞ்சு, அவனுக்கோ சின்ன வயசிலிருந்து வீசிங். காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் அவன் ஷட்டரைத் தட்டினான். சாயங்காலம் முதலாளி வந்து திறந்தார்.

ஷட்டர் தானாக விழுந்து மாட்டிக்கொண்டது என்று முதலாளி சொன்னார். போலீஸ் வந்து விசாரித்தபோது எதிர்ப்புறம் டீக்கடை வைத்திருந்த துளசிமணி முதல் விசைத்தறிச் சங்கச் செயலாளர் ராக்கியப்பன் வரைக்கும் எல்லோரும் ஒரே குரலில் தறிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலீங்க என்றார்கள். அன்றைக்குக் கரண்ட்டே இல்லையே என்று வந்திருந்த இன்ஸ்பெக்டர் ஒரு கேள்வி கேட்கத்தான் கேட்டார். ஜெனரேட்டர் ஓடுச்சுங்க என்றார் ராக்கியப்பன். ஊரில் இருந்த மொத்த ஜெனரேட்டரையும் சேர்த்து ஓட்டினால்கூட ஒரு தெருத் தறியை அசைக்க முடியாது, அது இன்ஸ்பெக்டருக்கும் தெரியும், இருந்தாலும் அவருக்கு வேறு வேலை இருந்தது. இவர்களுக்கெல்லாம் நெஞ்சில் ஈரமே இல்லையா என்று கேட்கத் தோன்றும். ஈரமெல்லாம் இருந்தது, சாவுக்கு எல்லோரும் வந்தார்கள், மாலை போட்டார்கள், அழுதார்கள், துளசிமணி மாரில் அடித்துக்கொண்டுகூட அழுதாள்.

லோகுவுக்கு இருந்த ஒரே சொந்தம் அவன் அக்கா கோகிலவாணி. குடோனுக்குப் பக்கத்தில் இருந்த சங்கத்து ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிற வேலை அவளுக்கு. தம்பி செத்த நாளில் ஆபீஸ் பிரிண்டரை ரிப்பேருக்கு எடுத்துக்கொண்டு வெளியூர் போயிருந்தாள். அவன் தட்டினான் என்பதையே நூல் இறக்க வந்த ஒரு வெளியூர் லாரி டிரைவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். என்ன சத்தம் என்று அவர் டீக்கடையில் கேட்டாராம், ஏதோ ரிப்பேர் வேலை என்றார்களாம். அந்த டிரைவர் பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லை. கோகிலவாணி ஊரில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று, கேட்டுச்சு என்று ஒரே ஒரு வார்த்தை ஸ்டேஷனில் வந்து சொல்லுங்கள் என்று கேட்டாள், வேறு எதுவும் வேண்டாம், என் தம்பி தட்டியது கேட்டது என்று மட்டும் சொன்னால் போதும் என்றாள். ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள், ஒரு வீட்டில் ஆறுதல் சொன்னார்கள், அந்த வார்த்தையை மட்டும் யாரும் கொடுக்கவில்லை. கேஸை மூடிவிட்டோம் என்று போலீஸ்காரர் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு மறுநாள்தான் சங்கத்துக் கம்ப்யூட்டரில் சவுண்ட் சர்வீஸ் விழுந்தது. அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டிருந்தார்கள், ஏனென்றால் அது சும்மா கிடைத்தது, சும்மா கிடைப்பதை இச்சிப்பாளையம் வேண்டாமென்று சொன்னதில்லை. தெருமுனைக் கம்பங்களில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்களுக்குச் சங்கும், சாவு அறிவிப்பும், கரண்ட் நிற்கிற தகவலும் அதிலிருந்துதான் போகும், கரண்ட் இல்லாத நேரத்திலும் அது பேட்டரியில் ஓடும். சவுண்ட் சர்வீஸ் என்பது கம்ப்யூட்டருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிற ஒரு புரோகிராம், பாட்டானாலும் சங்கானாலும் அதன் கை வழியாகத்தான் ஸ்பீக்கருக்குப் போயாக வேண்டும், அது விழுந்தால் மற்றதெல்லாம் நன்றாக இருந்தும் கம்ப்யூட்டர் ஊமையாகிவிடும். அன்று காலை கோகிலவாணி சங்கு ஊத மவுஸை அமுக்கினாள், சர்வீஸ் விழுந்தது, இச்சிப்பாளையத்தின் சத்தம் மொத்தமும் அதோடு சேர்ந்து விழுந்தது.

யாருக்கும் காது போய்விடவில்லை, சத்தம்தான் உண்டாகவில்லை. தறியில் நூலை இழுத்துப் போகிற நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது, பலகை அடித்தது, ஒன்றும் கேட்கவில்லை. குக்கர் விசில் எழும்பி ஆடி உட்கார்ந்தது. பஸ் வந்து நின்று கண்டக்டர் வாயைத் திறந்து மூடினார். கோகிலவாணி ஒரு கட்டளையைத் தட்டி சர்வீஸைத் திரும்ப ஓட விட்டதும் எல்லாச் சத்தமும் திபுதிபுவென்று வந்து சேர்ந்தது, ராத்திரிச் சங்குக்கு மறுபடி விழுந்தது, மறுநாள் இன்னும் சீக்கிரமாக விழுந்தது, பிறகு எழுப்பிய கையோடு விழ ஆரம்பித்தது. அந்த வாரக் கடைசிக்குள் இச்சிப்பாளையம் முழு ஊமையானது.

ஊர் இதைப் பழகிக்கொண்ட வேகத்தைச் சொல்ல வேண்டும். எல்லை எதுவென்று முதலில் கண்டுபிடித்தார்கள். கிழக்கே லாரிகளை எடை போடுகிற எடைமேடையைத் தாண்டினால் சத்தம் இருந்தது, இந்தப் பக்கம் இல்லை. ஆகவே பேச வேண்டியதெல்லாம் எடைமேடைக்கு அந்தப் பக்கம் போனது. சண்டை போட வேண்டிய புருஷன் பெண்டாட்டிகள் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு டிவிஎஸ்ஸில் ஒன்றாக உட்கார்ந்து எடைமேடை வரைக்கும் போய், முன்னால் நிற்கிற ஜோடி முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, தங்கள் முறை வந்ததும் வாய்க்கு வந்தபடி பேசித் தீர்த்துவிட்டு அதே டிவிஎஸ்ஸில் திரும்பினார்கள். மாப்பிள்ளை வீட்டாரை அங்கேயே பந்தல் போட்டு வரவேற்றார்கள். கோயில் பறைக்காரர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் நின்று அடித்துவிட்டு, இந்தப் பக்கம் வந்து அம்மனுக்குக் கும்பிடு போட்டார்கள். கைக்குழந்தைக்காரிகள் தொட்டில் கம்பிலிருந்து தங்கள் கால் கட்டைவிரல் வரைக்கும் நூல் கட்டிக்கொண்டார்கள், குழந்தை உதைத்தால் விரல் இழுபடும், நூலுக்கா அந்த ஊரில் பஞ்சம்.

முதலாளிகளுக்கு ஆரம்பத்தில் சந்தோஷம், தலைவலி இல்லாமல் தறி ஓடுகிறதே என்று. கொஞ்ச நாளில் துணி திரும்பி வர ஆரம்பித்தது. தறிக்காரர்கள் கண்ணால் நெய்வதில்லை, காதால் நெய்கிறவர்கள், ஒரு இழை அறுந்தால், நாடா கொஞ்சம் தடுமாறினால், தட்டுகிற தாளம் மாறுவதை வைத்துத்தான் தறியை நிறுத்துவார்கள். தாளம் கேட்காத ஊரில் அறுந்த இழையோடு தறி பாட்டுக்கு ஓடி, முழம் முழமாக ஓட்டைத் துணி இறங்கியது, வெளியூர் வியாபாரிகள் இச்சிப்பாளையத்துச் சரக்கா என்று கையை விரித்தார்கள். குழந்தைவேலு முதலாளி மட்டும் கவலைப்படவில்லை. எடைமேடைக்கு அந்தப் பக்கம் தோட்டத்தில் அவருக்குப் புது பங்களா இருந்தது, குடும்பத்தோடு அங்கே போய்விட்டார், காலையில் மயில் அகவுவதைக் கேட்டுக்கொண்டே காப்பி குடிக்கிறாராம் என்று வேலைக்காரர்கள் எழுதிக் காட்டினார்கள்.

கோகிலவாணி பழுது பார்க்கத்தான் செய்தாள், ஆரம்பத்தில் நேர்மையாகவே பார்த்தாள். பழைய அமைப்புகளை அழித்துவிட்டுப் புதிதாக வைத்தாள், வேறு பெயரில் உள்ளே போய்ப் பார்த்தாள், சவுண்ட் கார்டைக் கழற்றி வேறொன்றை மாட்டினாள், லினக்ஸையே முதலிலிருந்து போட்டாள், இணையத்தில் உலகத்தின் ஏதோ மூலைகளிலிருந்து முகம் தெரியாதவர்கள் சொன்ன கட்டளைகளையெல்லாம் தட்டினாள், அவர்களில் ஒருத்தன் ஒரு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டான். எதற்கும் மசியவில்லை. கடைசியில் சங்கத்தார் கோயம்புத்தூரிலிருந்து பரணிதரன் என்கிற லினக்ஸ் தெரிந்த இன்ஜினியரைக் கூட்டி வந்தார்கள். ஊமை ஊருக்குள் ஒலியைப் பழுது பார்க்க முடியாது என்பதால், கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றி எடைமேடைக்கு அந்தப் பக்கம் லாரி ஷெட்டில் மேஜை போட்டு வைத்தார்கள்.

பரணிதரன் அரை நாள் குடைந்தான், பிறகு முகம் மலர்ந்தான். உள்ளே ஒரு சத்தம் மாட்டியிருக்கிறது என்று கோகிலவாணியிடம் விளக்கினான். அறிவிப்புக்கு வைத்த மைக் வழியாக எப்போதோ வந்தது, வெளியே போகாமல் வரிசையில் முதல் ஆளாக நிற்கிறது, பின்னால் சங்கு வந்து முட்டுகிறது, இது நகர மாட்டேன் என்கிறது, சர்வீஸ் விழுகிறது, அவ்வளவுதான் விஷயம். "வெறும் இரைச்சல்க்கா, ஏதோ தகரத்தத் தட்டற மாதிரி. அழிச்சுட்டா எல்லாம் சரியாப் போயிரும்" என்று சொல்லிக்கொண்டே அழிக்கிற கட்டளையைத் தட்டி முடித்து, கடைசி விசைமேல் விரலை வைத்தான்.

கோகிலவாணி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "இருங்க தம்பி. கேட்டுட்டு அழிக்கலாம்."

ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தகரத்தைத் தட்டுகிற சத்தம்தான். கொஞ்ச நேரம் உள்ளங்கையால் தட்டுவது, கொஞ்ச நேரம் முஷ்டியால் குத்துவது, நடுவில் இருமல், பிறகு மறுபடி தட்டுவது. பிறகு லோகு பேசினான். பூட்டின ஷட்டருக்குள்ளிருந்து அவன் வெறுமனே உதவி உதவி என்று கத்தவில்லை, ஒவ்வொருத்தராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். துளசிக்கா, தொறந்து விடுங்க்கா. ராக்கியண்ணா, மூச்சு முட்டுதுங்ணா. சைக்கிள் கடைக்காரரைக் கூப்பிட்டான், மாவு மில்காரியைக் கூப்பிட்டான், தெருவில் யார் யார் அந்த நேரத்தில் இருப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும், ஒருத்தர் விடாமல் கூப்பிட்டான். கடைசியில், மொதலாளி, தெரியாமப் பண்ணீட்டனுங்க, இனிமே கையப் புடிக்க மாட்டனுங்க என்றான். அதற்குப் பிறகு தட்டுவது மெதுவாகி மெதுவாகி நின்றது. நின்ற உடனே முதலிலிருந்து ஆரம்பித்தது. கோகிலவாணி மத்தியானம் வரைக்கும் அப்படியே உட்கார்ந்து கேட்டாள், அழவில்லை, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, இதை அழிக்க வேண்டாம், உங்கள் வேலை முடிந்தது என்று பரணிதரனை மரியாதையாகப் பஸ் ஏற்றிவிட்டாள்.

கம்ப்யூட்டர் ஆபீசுக்குத் திரும்பியபோது, சத்தம் எந்த ஸ்பீக்கருக்குப் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிற இடத்தில் வழக்கமாக இருக்கிற இரண்டு மூன்று பெயர்களுக்குப் பதிலாக ஊரில் இருக்கிற வீடெல்லாம் வந்து நின்றது. டீக்கடை துளசிமணி வீடு, ராக்கியப்பன் வீடு, மாவு மில் வீடு என்று வரிசையாக, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னப் பூட்டு. கோகிலவாணி எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்தாள். அன்றைக்கு ஊரிலேயே இல்லாத அவள் வீட்டுப் பூட்டு மட்டும் திறந்தது. அன்று சாயங்காலம் அவள் ரசத்துக்குத் தாளித்தபோது கடுகு வெடிக்கிற சத்தம் ஜன்னல் வழியாகத் தெருவில் கேட்டது, போகிறவர்கள் வருகிறவர்களெல்லாம் சைக்கிளை நிறுத்திவிட்டு அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள், சிலருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

மறுநாள் சங்கத்துக் கரும்பலகையில் எழுதி வைத்தாள். லோகு தட்டியது கேட்டுச்சு என்று எடைமேடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொல்லுங்கள், சொல்கிற வீட்டுப் பூட்டு திறக்கும், சொல்லாதவர்கள் இப்படியே இருந்துகொள்ளுங்கள்.

ஊர் கொதித்தது, சத்தமில்லாமல் கொதித்தது. தாளில் மிரட்டல் எழுதிக் காட்டினார்கள், ஒருத்தர் அவள் வேலையைப் பிடுங்கிவிடலாம் என்று எழுதினார், அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றி வேறு யாருக்குத் தெரியும் என்று இன்னொருத்தர் எழுதிக் கேட்டார். ராக்கியப்பன் அவளை எடைமேடை வரைக்கும் கூட்டிப்போய், அம்மிணி, நாமெல்லாம் தாயா புள்ளையாப் பழகினவங்க, போனவன் போயிட்டான், இருக்கறவங்களப் பாக்கோணுமல்ல என்று தேனாகப் பேசினார். கோகிலவாணி பிடி கொடுக்கவில்லை. உங்க பேரையும் கூப்புட்டானுங்கண்ணா என்று மட்டும் சொன்னாள். அதைக் கேட்டும் ராக்கியப்பன் ஸ்டேஷன் பக்கம் திரும்பவில்லை.

அன்றைக்கே சங்கத்தார் ஆபீஸ் பூட்டை உடைத்துக் கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கினார்கள். அதுவரை எத்தனையோ தடவை அணைத்தபோது ஆகாதது இந்தத் தடவை ஆனது, பிடுங்கியதும் மனசுக்குள் பேசுகிற குரலும் நின்றுபோனது. சாமி கும்பிட நின்றவர்களுக்கு வேண்டுதல் வரவில்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு எண்கள் மனசில் ஒலிக்கவில்லை, தன் பேரைத் தனக்குள் சொல்லிப் பார்த்தவனுக்கு அது கேட்கவில்லை. தலைக்குள் அப்படி ஒரு வெறுமை. அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வயரைத் திரும்பச் சொருகினார்கள், அதற்குப் பிறகு அந்தப் பிளக் பக்கம் யாரும் கையை நீட்டவில்லை. ஆனாலும் ஸ்டேஷனுக்கு ஒருத்தரும் போகவில்லை. குழந்தைவேலுவைப் பகைத்துக்கொள்வதைவிட ஊமையாக இருப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

துளசிமணியின் மகள் பிரசவத்துக்கு வந்து பிள்ளை பெற்றிருந்தாள். ஒரு பகல்பொழுது தொட்டில் நூல் அறுந்துபோனது. பிள்ளை தொட்டில் துணிக்குள் குப்புறப் புரண்டு, மூச்சு முட்டி, கால் கையை உதைத்து, வாய் கிழிய அழுதிருக்கிறது, இரண்டடி தள்ளி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த துளசிமணிக்கு ஒன்றும் தெரியவில்லை. தற்செயலாகத் திரும்பினாள். பிள்ளை நீலம் பாரித்திருந்தது. எடுத்து முதுகைத் தட்டித் தட்டி உயிரைத் திரும்பக் கொண்டுவந்தாள். பிள்ளையை மகளிடம் கொடுத்துவிட்டு, கையில் வெங்காயத் தோலோடு அப்படியே நடந்தாள், எடைமேடையைத் தாண்டி, ஸ்டேஷன் படியேறி, இன்ஸ்பெக்டர் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"கேட்டுச்சுங்க" என்றாள். "துளசிக்கா துளசிக்கான்னு கூப்புட்டானுங்க. நான் டீ ஆத்தீட்டே கேட்டுட்டிருந்தனுங்க."

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று இன்ஸ்பெக்டர் சத்தம் போட்டார். அவள் அதற்கும் கேட்டுச்சுங்க என்றுதான் பதில் சொன்னாள். திரும்பி வீட்டுக்குள் கால் வைத்தபோது பேரப்பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. அன்று முழுக்க ஊர் ஜனம் டீக்கடை முன்னால் திரண்டு நின்று ஒரு பிள்ளை வீரிட்டு அழுவதைக் கேட்டது, பிள்ளை தூங்கிவிட்டால் எழுந்திருக்கிற வரைக்கும் காத்திருந்து கேட்டது.

அதற்குப் பிறகு அணை உடைந்தது. சைக்கிள் கடைக்காரர் போனார், மாவு மில்காரி போனாள், லாரி வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனார்கள், எழுதி எழுதி ஸ்டேஷன் ரைட்டருக்குக் கை வீங்கியது. ராக்கியப்பன் அங்கேயும் சாமர்த்தியத்தைக் காட்டினார், லேசாக் கேட்டுச்சுங்க, எலின்னு நெனச்சேன் என்று சொல்லிவிட்டு வந்தார், அவர் வீட்டுக்கு எலி பிறாண்டுகிற அளவுக்கு லேசாகத்தான் சத்தம் வந்தது, பெண்டாட்டி திட்டுவதே கிசுகிசுவென்று இருந்தது, ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மறுபடி போய் முழுசாகச் சொன்னார். கடைசி வீட்டுப் பூட்டும் திறந்த அன்று காலைச் சங்கு ஊதியது, தறிகள் ஓடின, ஜனங்கள் தெருவில் இறங்கி ஒருவர் பெயரை ஒருவர் சும்மா கூப்பிட்டுக்கொண்டார்கள்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று ஊர் நினைத்தது. குழந்தைவேலு முதலாளி சென்னையிலிருந்து பெரிய வக்கீலை வைத்து முன்ஜாமீன் வாங்கிக்கொண்டார். தட்டியது ஊருக்கே கேட்டிருக்கலாம், முதலாளி ஊரில் இல்லை, அவருக்குக் கேட்கவில்லை, ஷட்டர் தானாக மாட்டிக்கொண்டது, பூட்டியதைப் பார்த்தவர்கள் யார் என்று வக்கீல் கேட்டார். பூட்டியதை யாரும் பார்க்கவில்லை. பங்களாவில் மயில் அகவியது.

அன்று கோகிலவாணி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்த்தாள். வீடுகளின் பெயரெல்லாம் மறைந்து, வழக்கமான ஸ்பீக்கர் பெயர்கள் திரும்பியிருந்தன, அவற்றுக்குக் கீழே குழந்தைவேலு என்று ஒரே ஒரு பெயர் பாக்கி நின்றது. லோகுவின் சத்தம் இன்னும் உள்ளே இருந்தது, இப்போது யாருக்கும் வழிமறிக்காமல் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. அழிக்க வேண்டுமானால் ஒரு விசை போதும். அவள் அதை அழிக்கவில்லை. தம்பியின் சத்தத்தை மவுஸால் பிடித்து, இழுத்துக்கொண்டு போய், அந்தப் பெயரின் மேல் விட்டாள்.

குழந்தைவேலுவுக்கு முதலில் பங்களாவின் பின்கதவைத் தட்டுகிற மாதிரி கேட்டது. போய்த் திறந்தார், யாருமில்லை. பிறகு பீரோவுக்குள் கேட்டது, கார் டிக்கிக்குள் கேட்டது, பூஜை அறைக்குள் கேட்டது. வீட்டில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. ஆசாரியை வரவழைத்து வீட்டுக் கதவுகளையெல்லாம் கழற்றிப் போட்டார், கதவில்லாத வீட்டிலும் தட்டியது. ஊருக்குள் வந்து அந்தக் குடோன் ஷட்டரைக் கடப்பாரையால் நெம்பிப் பிய்த்து எறிந்துவிட்டு உள்ளே போய் மூட்டை மூட்டையாகப் பிரித்துத் தேடினார், தலையிலும் மீசையிலும் பஞ்சோடு வெளியே வந்தார், வந்த பிறகும் பின்னாலிருந்து தட்டியது. ஊர் ஜனம் ஓரமாக நின்று அவருக்கு வழிவிட்டது, மயில்சத்தம் கேட்டுக் காப்பி குடித்த மனுஷன்தானே என்று சிலர் சிரித்தும் கொண்டார்கள். அவர் நேராகச் சங்கத்து ஆபீசுக்கு வந்தார். கோகிலவாணி சாயங்கால அறிவிப்புக்காக மைக்கைப் போட்டு வைத்திருந்தாள்.

"நிறுத்தச் சொல்லு அம்மிணி. தட்டறான்."

"யாருங்க தட்டறது?"

"லோகு. மூச்சு முட்டுதுங்கறான். தொறந்து விடச் சொல்றான்."

"யாருங்க பூட்டினது?"

முதலாளி காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார், பொத்திய கைக்குள்ளும் அது கேட்டிருக்க வேண்டும், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நாந்தான் பூட்டினேன்" என்றார். "சாவி எஞ் சட்டப் பையிலதான் இருந்துச்சு. பந்தியில உக்காந்து சாப்புடறப்பக்கூட சாவி நெஞ்சுல குத்துச்சு, சாயங்காலம் போய்த் தொறந்துக்கலாம்னு இருந்துட்டேன்."

எல்லாத் தெருமுனையிலும் அது கேட்டது, தறியோட்டிகள் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அவர் தன் காலால் நடந்துபோய் ஸ்டேஷனிலும் அதையே சொல்லிக் கையெழுத்துப் போட்டார், சொல்லிவிட்டால் நின்றுவிடும் என்று நம்பித்தான் சொன்னார்.

நிற்கவில்லை. கிளைச் சிறையில் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையால் கொஞ்ச நேரமும் முஷ்டியால் கொஞ்ச நேரமும் தட்டுகிறார், அவனைத் திறந்து விடுங்கள் என்று வார்டர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், ஒருத்தரும் தூங்க முடியவில்லை என்று தகவல் வந்தது. ராக்கியப்பன் மறுபடி கோகிலவாணியிடம் வந்து உட்கார்ந்தார். மனுஷன் எல்லாத்தையும் ஒப்புக்கொண்டார், சட்டம் அவரைப் பார்த்துக்கொள்ளும், நீ கேட்டது கிடைத்துவிட்டது, இனி அந்தச் சத்தத்தை அழித்துவிடு என்றார். இந்தத் தடவை தேன் இல்லை, நிஜமாகவே கெஞ்சினார்.

கோகிலவாணி கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"எந் தம்பி பேசறானுங்கண்ணா. அன்னிக்கு ஒருத்தரும் நின்னு கேக்கல. இப்பத்தான் கேக்கறதுக்கு ஒரு ஆள் கெடச்சிருக்கு, அவனப் போய் நிறுத்தச் சொல்றீங்ளே."

ராக்கியப்பன் எழுந்து போனார். வெளியே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. கோகிலவாணி நேரத்தைப் பார்த்து ராத்திரிச் சங்கை ஊதிவிட்டு, திரையை அணைத்தாள், கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டரில் சவுண்ட் சர்வீஸ் ஒரு தடவைகூட விழுந்ததில்லை.